இசையில் முதுகலைப் பட்டம்



இசை பற்றிப் பேச வந்துள்ள யாம் இசைவாணர் அல்லோம். பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு, இரயில்வே அலுவலகத்தில் கோப்புகளோடு காலங்கழிப்போம். ஆயினும் சான்றிதழ் என்னும் தாளுக்கு உலகம் தரும் மதிப்பை எம்மைப் போன்றோர் நன்கறிவோம். பதவி உயர்வுக் காலத்தில் அத்தாள்தானே முன்சென்று நிற்கிறது!

காணிப்பாக்கத்திலும் சித்தூரிலும் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில் இனிது பாடும் பிள்ளைகள் பலர் உளர். இரண்டு மணி நேரம் சளைக்காமல் பாடும் அவர்கள், ஆசிரியப் பணிக்கு விண்ணப்பிக்குங்கால், "பட்டம் எங்கே?" என்ற கேள்வியில் நின்றுவிடுகின்றனர்.

முன்னாளில் குருகுலமே பல்கலைக்கழகம். நம் சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை, காஞ்சிபுரம் நயினாப் பிள்ளையிடம் பயின்றவர். 1954இல் சங்கீத கலாநிதி விருது பெற்றவர். மதுரை சோமுவை உருவாக்கியவர். பின்னர்க் காலம் மாறிற்று. 1929இல் அண்ணாமலைச் செட்டியார் சிதம்பரத்தில் இசைக் கல்லூரி கண்டார். திருப்பதியில் 1959இல் தேவஸ்தானத்தின் இசை நடனக் கல்லூரியும், 1983இல் பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகமும் தோன்றின. பெண்மக்கள் இங்கிருந்தே போய்வரும் தொலைவில் இவை அமைந்தது நம் பேறு.

இனி, வேண்டுவன யாவை? முதுகலை பொதுவாக ஈராண்டுப் படிப்பு. முதலில் ஓர் இளங்கலைப் பட்டம் வேண்டும். இசையிலேயே இருப்பின் வழி எளிது. வேறு பாடம் பயின்றவர்க்கும் சில இடங்களில் இடமுண்டு. ஆனால் பாடிக்காட்டித் தகுதியை மெய்ப்பிக்க வேண்டும். விதிகள் இடத்துக்கு இடம் மாறுவதால், அவ்வாண்டின் விவரக் குறிப்பேட்டைப் பார்த்தே விண்ணப்பம் வரைக. பட்டயத்தைப் பட்டம் என்று எண்ணி ஏமாறற்க!

எழுத்துத் தேர்வில் இராக இலக்கணம், தாளம், இசை வரலாறு முதலியன வரும். தியாகராசர், அன்னமாசாரியர் பாடல்களின் தெலுங்கைப் பொருளுணர்ந்து பாட நம் பிள்ளைகளுக்கு இம்மண்ணே கற்பித்துவிட்டது. இது தஞ்சையிலிருந்து வரும் பிள்ளைக்கும் எளிதில் வாய்க்காத ஆதாயம்.

உண்மையான சோதனை செய்முறையில்தான். நெட்டுருச் செய்த கிருதிகள் ஐம்பது இருந்தாலும் போதா. தேர்வாளர் ஓர் இராகத்தைச் சொல்லி ஆலாபனை கேட்பார். ஒரு வரியைக் காட்டி நிரவல் கேட்பார். கற்பனைச் சுரம் கேட்பார். பல்லவியோ இன்னும் கடிது. ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கை இரண்டு களையில் பதினாறாகவும், நான்கு களையில் முப்பத்திரண்டாகவும் விரியும். கை தாளத்தை விடாமல் போட, வாய் பல்லவியை மூன்று காலங்களில் பாடி, எடுப்பில் பிசகாமல் வந்து சேரவேண்டும். ஓராண்டு அவசரத்தில் இது கைகூடாது. பத்து, பன்னிரண்டு வயதில் தொடங்கிய பயிற்சியே கைகொடுக்கும். பட்டம் பார்த்துக்கொள்ளலாம் என்று பாட்டு வகுப்பை எட்டாம் வகுப்பில் நிறுத்தும் பெற்றோர் இதனைக் கருதுக.

இன்னுமொன்று. கச்சேரித் தேர்வுக்கு வயலினும் மிருதங்கமும் உடன்வரும். தம்பூரா ஒலிப்பெட்டியோடு தனியே பாடிப் பழகிய பிள்ளை, மிருதங்கம் ஒலித்தவுடன் காலப்பிரமாணம் தடுமாறுவதைக் கண்டிருக்கிறோம். பக்கவாத்தியத்தோடு பழகும் வாய்ப்பு நம்மூரில் அரிது. ஆகவே ஞாயிறு மாலைகளில் சங்கக் கூடத்தைப் பிள்ளைகளுக்கு விட்டுத் தரவும், சித்தூரிலிருந்து மிருதங்கக்காரர் ஒருவரை மாதம் இருமுறை வரவழைக்கவும் செயற்குழு இசையவேண்டும் என வேண்டுகின்றோம். அவருடைய பேருந்துக் கட்டணத்தை எம் அலுவலக நண்பர்கள் ஏற்றுக்கொள்கின்றனர்.