கழுதையேரும் பொன்னேரும்

(தமிழ்மன்றக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்துவடிவம்)



'போருக்குப் பின் நாடு' என்பது எனக்குத் தரப்பட்ட தலைப்பு. போரைப் பற்றிப் பேசத் தமிழாசிரியனுக்குச் சொற்குறைவு இல்லை. நிரை கவர்தல் முதல் வாகை சூடல் வரை ஒவ்வொரு நிலைக்கும் பூவும் துறையும் வகுத்துவைத்த மொழி நம் மொழி. போர் முடிந்த மறுநாளைப் பற்றிப் பேசச் சொன்னால்தான் நாத் தடுமாறுகிறது. அத் தடுமாற்றம் எனக்கு எப்பொழுது வந்தது என்பதை முதலிற் சொல்லிவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் மேனிலை வகுப்பில், பாடநூலுக்குப் புறம்பாக, புறநானூற்றின் பதினைந்தாம் பாடலை விளக்கிக்கொண்டிருந்தேன். பல்வேள்விச்சாலை முதுகுடுமிப் பெருவழுதியை நெட்டிமையார் பாடியது. பகைவரூரின் தேரோடிய தெருக்களைக் கழுதை பூட்டிய ஏரால் உழுவித்துப் பாழ்செய்தான் பாண்டியன். அதியமான் மகன் பொகுட்டெழினியும் அவ்வாறே உழுவித்து வரகும் கொள்ளும் விதைத்ததை ஔவையார் பாடியிருக்கிறார். புறப்பொருள் வெண்பாமாலையோ, 'உழுது வித்திடுதல்' என்று உழிஞைப் படலத்தில் இதற்கொரு துறையே வகுத்துவைத்திருக்கிறது. அந்த வரகும் கொள்ளும் விளைச்சலுக்காக விதைத்தவை அல்ல. இவ்விடம் இனி ஊராகக் கூடாது என்பதற்கு இட்ட முத்திரை அது. முப்பதாண்டுக் காலமாக நான் இதனைக் குரலுயர்த்தியே நடத்திவந்தேன். அன்றும் அப்படித்தான் நடத்தினேன். கடைசி வரிசையில் ஒரு மாணவன் எழுந்தான். "ஐயா, மறுநாள் அந்த ஊர்க்காரர்கள் எங்கே போய்ச் சோறு தின்றிருப்பார்கள்?" என்றான். வகுப்புச் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. விடையும் சொல்லவில்லை, மணி அடித்தது, தப்பினேன்.

அவ்வினா என்னை விட்டபாடில்லை. விடைதேடி நூலகங்களில் அலைந்தபொழுது எதிர்ப்பட்டவர் தமிழருமல்லர், புலவருமல்லர். நாற்பதாண்டுக்கு மேல் படையிலேயே இருந்த அமெரிக்கப் படைத்தலைவர் சியார்ச்சு மார்சல். அயலானைப் புகழவா இம்மேடை என்று முன்வரிசையில் சில புருவங்கள் உயர்வதைக் காண்கிறேன். பொறுங்கள். அவரிடம் உள்ள குறையையும் மறைக்காமற் சொல்வேன்.

இரண்டாம் உலகப்போரின் இறுதியில் செருமனியை என்ன செய்வது என்ற கேள்வி எழுந்தது. செருமானிய ஆட்சி செய்த கொடுமைகளை இங்கு விரிக்க வேண்டா. பகைகொண்டோர் சினத்திற்குக் கரணியம் இருந்தது. 1944 செப்டம்பரில் அமெரிக்கக் கருவூல அமைச்சர் மார்கெந்தோ ஒரு திட்டத்தை முன்வைத்தார். செருமனியின் ஆலைகளைப் பெயர்த்துவிட வேண்டும். சுரங்கங்களை மூடிவிட வேண்டும். அந்நாடு இனி உழவும் மேய்ச்சலும் மட்டுமே செய்து கிடக்க வேண்டும். உழுது வித்திடுதல்! ஈராயிரம் ஆண்டுக்கு முன் நம் வேந்தர் பூட்டிய கழுதையேரை ஐரோப்பாவின் நடுவில் பூட்டச் சொன்ன திட்டம் அது. முழுத்திட்டமும் நிறைவேறவில்லை. ஆயினும் அதன் சாயல், 1945-இல் செருமனியை ஆளச் சென்ற படைத்தலைவர்க்கு விடுக்கப்பட்ட ஆணையில் இருந்தது. நோயும் கலகமும் மூளாமற் காப்பதற்கு மேல், அந்நாட்டின் பொருளியலை நிமிர்த்த ஒன்றும் செய்யாதே என்பது அவ்வாணையின் உள்ளீடு. அதனை விடுத்த படைத்தலைவர் குழுவில் மார்சலும் ஒருவர். அஃதாவது, கழுதையேரின் மேழியில் அவர் கையும் ஒருகால் பட்டிருந்தது. அந்தக் கை ஈராண்டுக்குள் எவ்வாறு விலகிற்று என்பதே நாம் அறியத்தக்கது.

1939 செப்டம்பர் 1-ஆம் நாள், செருமனி போலந்துக்குள் புகுந்த அன்றே, அவர் அமெரிக்கப் படையின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். இரண்டு இலக்கம் பேர்கூட இல்லாத படை, போர் முடிவதற்குள் எண்பது இலக்கத்தைத் தாண்டியது. அத்தனை பேர்க்கும் உணவு, உடை, காலணி, கப்பல், மருந்து என எல்லாவற்றையும் கணக்கிட்டவர் அவர். முதல் உலகப்போரிலும் வாளேந்திப் பெயர்பெற்றவரல்லர். 1918-இல் பிரான்சில் பல நூறாயிரம் படைஞரை ஒரு களத்தினின்று மற்றொரு களத்திற்கு இரவோடிரவாக நகர்த்திய வினைத்திட்டத்தால் பெயர்பெற்றவர். படை நடப்பது மறத்தால் மட்டுமன்று, வண்டியாலும் மாவாலும் என்று கண்டவர். போர்க்களத்தைப் பாடிய அளவுக்கு நம் புலவர் அடுக்களையைப் பாடவில்லை. 

1947 சனவரியில் அவர் வெளியுறவு அமைச்சரானார். அதற்குமுன் ஓராண்டுக்கு மேல் சீனத்தில் இருந்து, அங்குள்ள இரு தரப்பையும் இணைக்க முயன்று தோற்றுத் திரும்பியிருந்தார். தன் வீட்டுச் சண்டையை நிறுத்த மனமில்லாதார்க்கு அயலான் வீடுகட்டித் தர இயலாது என்பதை அங்கே கண்டிருக்கலாம். இஃது என் உய்த்துணர்வே. அவ்வாண்டின் பனிக்காலம் ஐரோப்பாவில் கொடியது. நிலக்கரி நகரவில்லை, ஆலைகள் நின்றன. மார்ச்சு, ஏப்பிரல் திங்கள்களில் மாசுகோவில் செருமனியைப் பற்றி வாரக்கணக்கில் பேச்சு நடந்தும் பயனில்லை. அங்கு இசுதாலினைக் கண்டு பேசினார் மார்சல். இப்பொழுது உடன்பாடு வாராவிட்டால் பின்னர் வரட்டுமே என்ற போக்கு இசுதாலினிடம் இருந்தது. திரும்பிவந்த மார்சல் ஏப்பிரல் 28-இல் வானொலியில் பேசியபொழுது, மருத்துவர்கள் கலந்தாய்ந்து கொண்டிருக்க நோயாளி சாய்ந்துகொண்டிருக்கிறார் என்னும் பொருள்படச் சொன்னார்.

பின்னர் 1947 சூன் 5-ஆம் நாள், ஆர்வர்டு பல்கலைக்கழகம் அவர்க்கு மதிப்புறு பட்டம் அளித்த நிகழ்ச்சியில் ஓர் உரை. கால்மணி நேரமும் நீளாதது. நம் மேடைப் பேச்சாளர் அதற்குள் அவைத்தலைவரை விளித்தே முடித்திருக்க மாட்டோம். அதில் அவர் சொன்ன ஒன்றை நான் பலமுறை படித்தேன். இடிந்த நகரங்களும் ஆலைகளும் சுரங்கங்களும் இருப்புப்பாதைகளும் கண்ணுக்குத் தெரியும் அழிவு. அதனினும் கொடியது, பொருளியல் வாழ்வின் பின்னலே அறுந்துபோனது என்றார். அதனை விளக்க எடுத்துக்கொண்ட காட்டு, உழவனும் நகரமும்.

உழவன் தவசம் விளைவிக்கிறான், நகரத்திற்கு அனுப்புகிறான், நகரம் அவனுக்குத் துணியும் கொழுவும் ஆணியும் விளக்கும் தருகிறது. நாகரிகம் நிற்பது இக் கொண்டுகொடுத்தலின் மேல். போரால் நகரத்து ஆலை நின்றது. உழவன் வாங்க நகரத்தில் பொருளில்லை. கையில் வரும் பணத்திற்கோ மதிப்பில்லை. ஆகலின் அவன் என்ன செய்வான்? நிலத்தின் ஒரு பகுதியை மேய்ச்சலுக்கு விடுகிறான். தவசத்தை மாட்டுக்குக் கொட்டுகிறான். தன் வீட்டார் வயிறு நிறைந்தால் போதும் என்று இருந்துவிடுகிறான். நகரத்தான் பட்டினி கிடக்கிறான். அரசோ, ஆலையைக் கட்ட வைத்திருந்த வெளிநாட்டுப் பணத்தை உணவு வாங்கச் செலவிடுகிறது. ஆலை எழாமையால் உழவன் மேலும் விலகுகிறான். சுழல் இறுகுகிறது.

நான் சிற்றூரில் பிறந்தவன். சந்தை கூடாத கிழமை எப்படி இருக்கும் என்பது எனக்குத் தெரியும். விளைந்தது களத்தில் கிடக்கும், பானையில் உப்பிராது. ஒரு வாரத்து முடக்கமே அப்படியென்றால், ஒரு பெருநிலமே ஈராண்டு சந்தை கூடாமற் கிடந்ததை எண்ணிப் பாருங்கள். குண்டு விழுந்த தெருவைத்தான் பாட்டில் பாட முடியும். இந்தச் சந்தை முறிவைப் பாட முடியாது. எண்ணிக் கணக்கிட்ட ஒரு படைஞனின் கண்ணுக்கே அது தெரிந்தது.

அவ்வுரையில் இன்னொன்றும் உண்டு. எம் கொள்கை எந்த நாட்டையும் எந்தக் கோட்பாட்டையும் எதிர்த்ததன்று. பசியையும் வறுமையையும் நம்பிக்கையிழப்பையும் குழப்பத்தையும் எதிர்த்தது என்றார். ஆனால் திட்டத்தை நாங்கள் வரைந்து உங்கள் தலையில் ஏற்றுவது பொருந்தாது. ஐரோப்பியர் தாமே கூடி, தமக்கு என்ன தேவை, தாம் என்ன செய்வோம் என்று வரைந்து தர வேண்டும் என்றும் சொல்லிவிட்டார். பொன்னேர் பூட்டுதலை நம் உழவர் அறிவர். சித்திரையில் ஊர்கூடி முதலேர் பூட்டுவர். அயலூரான் வந்து மாடு தரலாம், விதை தரலாம். மேழி பிடிப்பது அந்த நிலத்தானின் கை.

சூலையில் பாரிசில் 16 நாடுகள் கூடின. பிரித்தானிய அமைச்சர் பெவின் முன்னின்றார். இரசியா வந்து பார்த்துவிட்டு வெளியேறியது. வர இசைந்த செக்கோசுலோவாக்கியாவும் அதன் அழுத்தத்தால் பின்வாங்கியது. 1948 ஏப்பிரல் 3-இல் அமெரிக்கச் சட்டம் கையெழுத்தாயிற்று. ஏறத்தாழ நான்காண்டுகளில் 1300 கோடித் தாலர் அளவுக்குப் பொருள் போயிற்று. பெரும்பகுதி கொடை, சிறுபகுதி கடன். வென்ற பிரித்தானியா 300 கோடிக்கு மேல் பெற்றது. தோற்ற மேலைச் செருமனிக்கும் ஏறத்தாழ 140 கோடி கிடைத்தது. முதலிற் போனவை உணவும் தீவனமும் உரமும் எரிபொருளும், பொறிகள் பின்னர்.

கொடுத்த முறையைச் சொல்லாமல் தொகையை மட்டும் சொல்வது கணக்காகாது. பிரான்சில் ஓர் உழவர்க்கு உழுபொறி வேண்டும். அமெரிக்காவிலிருந்து பொறி வரும். அதன் விலையை அங்குள்ள விற்பனையாளர்க்குத் திட்டமே தாலரில் கொடுத்துவிடும். உழவர் பொறியை விலையின்றிப் பெறுவதில்லை. தம் நாட்டுப் பிராங்கில் விலை கொடுப்பார். அப்பணம் கடல்கடந்து போகாது. அந்நாட்டிலேயே தனிக்கணக்கில் சேரும். அதில் நூற்றுக்கு ஐந்து அமெரிக்கச் செலவுக்கு. எஞ்சியதை அமெரிக்க இசைவோடு அந்நாட்டரசு தன் ஆக்கப் பணிக்குச் செலவிடலாம். பிரான்சு மின்னாக்கத்திற்கும் இருப்புப்பாதைக்கும் சுரங்கத்திற்கும் இட்டது. பிரித்தானியா பெரும்பகுதியைக் கடனடைக்கவே போட்டது. செருமனி 1948-இல் மறுகட்டமைப்புக்கெனவே ஒரு கடன் வைப்பகம் நிறுவிற்று. அப்பணத்தைக் கடனாகக் கொடுத்து, வாங்கி, மறுபடியும் கொடுத்தது. அவ் வைப்பகம் இன்றும் இயங்குகிறது. வித்தாகவே வைத்திருந்தனர், பொங்கித் தின்றுவிடவில்லை.

இனிக் குறை. அமெரிக்கா இதனை அருளால் மட்டும் செய்யவில்லை. தன் சரக்கிற்குச் சந்தை வேண்டியிருந்தது. இரசியாவின் செல்வாக்கைத் தடுக்க வேண்டியிருந்தது. ஐரோப்பா தன் உழைப்பாலேயே எழத் தொடங்கியிருந்தது, அமெரிக்கப் பணம் அந்நாடுகளின் மொத்த வருவாயில் மிகச் சிறு பங்கே என்று காட்டும் பொருளியலாரும் உளர். அவர் கூற்றையும் நான் தள்ளவில்லை. ஆனால் என் நெஞ்சைத் தைப்பது வேறொன்று. இத்திட்டத்தில் பங்குபெற்ற ஆலந்து, அதே காலத்தில் இந்தோனேசிய மக்களின் விடுதலையை ஒடுக்கப் படை அனுப்பிக்கொண்டிருந்தது. பிரான்சு வியத்துநாமில் போர் நடத்திக்கொண்டிருந்தது. தன் வீட்டில் பொன்னேர், அடிமைநாட்டில் கழுதையேர்! 1948 திசம்பரில் ஆலந்துப் படை மீண்டும் பாய்ந்த பின்னரே, இந்தோனேசியப் பகுதிக்கென ஒதுக்கிய பொருளை அமெரிக்கா நிறுத்தி வைத்தது. ஆலந்துக்கே தந்ததை நிறுத்தவில்லை. 1949 திசம்பர் 27-இல் இந்தோனேசியா தன்னாட்சி பெற்றது. பசிக்கு நாடில்லை என்று ஆர்வர்டில் சொன்னவரின் திட்டம், ஐரோப்பாவின் பசியை மட்டுமே கண்டது.

1953-இல் அவர்க்கு அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது. போர்த்தொழிலானுக்கு அமைதிப் பரிசா என்று கேட்டவர் பலர். ஓசுலோவில் பரிசளிக்கும் அரங்கிலேயே எதிர்ப்புத் தாள்களை வீசினர். மறுநாள் உரையில் அவர் அவ்வினாவைத் தட்டிக் கழிக்கவில்லை. போரின் விலை தம் கண்முன் எப்பொழுதும் ஒரு கணக்கேடாய் விரிந்து கிடப்பதாகவும், அதன் வரிசைகள் கல்லறைக் கற்கள் என்றும் பொருள்படச் சொன்னார். அவர் மனைவியின் முதல்மணத்து மகன் ஒருவன் 1944 மேத் திங்களில் இத்தாலியப் போர்முனையில் வீழ்ந்தவன். தம் போர்க்கால நினைவுகளை எழுதப் பெரும்பணம் தருவதாகப் பதிப்பாளர் வந்தபொழுதும் அவர் எழுத மறுத்துவிட்டார்.

நான் இவ்வாண்டும் அப் புறப்பாட்டை நடத்தினேன். குரலைச் சிறிது தாழ்த்திக்கொண்டேன். பாட்டு முடிந்ததும் கரும்பலகையில் 'மறுநாள் அவ்வூரில்' என்று எழுதி, அரைப்பக்கம் எழுதித் தரச் சொன்னேன். பலர் பழிவாங்கப் புறப்பட்டனர், இளமை அது. ஒரு சிலர் ஊரையே விட்டுப் போயினர். உழவர் வீட்டுப் பெண்ணொருத்தி மட்டும், முதலில் கிணற்றில் விழுந்த மண்ணை அள்ளுவோம், சிதறிய மாடுகளைத் தேடுவோம் என்று எழுதிவிட்டு, கீழே ஒருவரி சேர்த்திருந்தாள்: படை விட்டுச்சென்ற கழுதைகள் எங்கேனும் மேய்ந்துகொண்டிருந்தால் பிடித்துக் கட்டிவைப்போம், எரு சுமக்க ஆகும்.