பாட்டுக்குப் பதில் பாட்டு



பள்ளிப் பிள்ளைகளுக்குக் கவிதையைச் சுவையாகக் கற்பிப்பது எப்படி என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். பாட்டை ஒப்புவிக்கச் சொல்கிறோம். பாட்டுக்குப் பதில் சொல்லச் சொல்வதில்லை. கோளாறு அங்கேதான்.

நம் மலேசியத் தமிழ்ப்பள்ளிப் பாடத்திட்டத்தில் செய்யுளுக்குப் பஞ்சமே இல்லை. ஆத்திசூடி, கொன்றைவேந்தன், உலகநீதி, மூதுரை, நல்வழி, திருக்குறள் என்று ஆண்டுக்கு ஆண்டு வந்துகொண்டே இருக்கின்றன. வகுப்பில் நடப்பது என்ன? பலகையில் இந்தப் பக்கம் செய்யுள், அந்தப் பக்கம் பொருள். இரண்டையும் எழுது, மனனம் செய், நாளைக்கு ஒப்புவி. வாரக் கடைசியில் கோடிட்ட இடத்தை நிரப்பு. பிள்ளை முழு மதிப்பெண் வாங்கிவிடும். பள்ளி விடுமுறை முடிந்து வரும்போது செய்யுளும் இருக்காது, பொருளும் இருக்காது.

“சோதனை இருக்கிறதே, என்ன செய்வது?” என்று முன்பெல்லாம் கேட்போம். 1988இல் தொடங்கிய யூ.பி.எஸ்.ஆர். என்ற ஆறாம் ஆண்டுச் சோதனை 2021இல் விடைபெற்றுவிட்டது. வகுப்பறை மதிப்பீடு வந்துவிட்டது. அந்தப் பழைய சாக்கு இனிச் செல்லாது.

மனனமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மனனம் எந்த வழியாக உள்ளே போகிறது என்பதுதான் கேள்வி. இந்தக் கூட்டத்தின் தொடக்கத்தில் எழுந்து நின்று தமிழ் வாழ்த்துப் பாடினோம். இறையருட் கவிஞர் செ. சீனி நைனா முகம்மது எழுதிய பாட்டு. இங்கே யாராவது தாளைப் பார்த்துப் பாடினீர்களா? அதை நமக்கு யார் மனப்பாடம் செய்து வைத்தார்கள்? ஒருவருமில்லை. கூட்டத்துக்குக் கூட்டம் பாடிப் பாடியே நாக்கில் ஏறிவிட்டது.

குறளையும் அப்படியே ஏற்றலாம். குறளுக்கு ஏழு சீர். முதல் அடியில் 4, அடுத்த அடியில் 3. பொருளை உடனே சொல்லிவிடாதீர்கள். புத்தகத்தை மூடச் சொல்லுங்கள். நீங்கள் சொல்லச் சொல்ல, சீருக்கு ஒரு தட்டாகப் பிள்ளைகள் மேசையில் தட்டட்டும். முதல் தடவை கடைசி வரிசைப் பையன் எட்டாவதாகவும் ஒன்று தட்டுவான். வகுப்பே சிரிக்கும், அவனும் சேர்ந்து சிரிப்பான். நாலாவது ஐந்தாவது தடவையில் எல்லார் கையும் ஏழில் நின்றுவிடும். அதற்குள் குறள் வாய்க்கு வந்திருக்கும். அப்போது கேளுங்கள்: “இதை யார், யாரைப் பார்த்துச் சொல்லியிருப்பார்? உனக்கு யாராவது இப்படிச் சொல்லியிருக்கிறார்களா?” பொருள் பிள்ளைகளின் வாயிலிருந்தே வரும்.

இனிப் பதிலுக்கு வருகிறேன். இது நான் கண்டுபிடித்த வித்தை இல்லை. ஔவையார் 109 அடிகளில் ஆத்திசூடி பாடிவைத்தார். பல நூற்றாண்டு கழித்து வந்த பாரதியார், அதே அகர வரிசையை எடுத்துக்கொண்டு 110 அடிகளில் புதிய ஆத்திசூடி எழுதினார். சினத்தைத் தணிக்கச் சொன்னார் ஔவை; சினம் கொள்ளவும் பழகிக்கொள் என்றார் பாரதி. இது ஔவைக்கு அவமரியாதையா? இல்லவே இல்லை. பாட்டியின் பேச்சைக் காது கொடுத்துக் கேட்ட பேரன்தான் பாட்டியோடு வாதாட முடியும். பாரதிதாசனும் தம் பங்குக்கு ஓர் ஆத்திசூடி எழுதினார். பெரிய கவிஞர்களுக்கு இருந்த அந்த உரிமையை நான்காம் ஆண்டுப் பிள்ளைக்கு நாம் ஏன் கொடுப்பதில்லை?

நான் கொடுத்துப் பார்த்தேன். ஆளுக்கு ஓர் எழுத்து, நம் தோட்டத்துக்கு ஓர் ஆத்திசூடி. முதலில் வந்ததெல்லாம் நமக்குப் பிடித்தமான வரிகள்: அன்னையை மதி, ஆசிரியரை வணங்கு. நான் திருத்தவில்லை. “இது நீ கேட்டதா, கண்டதா?” என்று மட்டும் கேட்டேன். பிறகு தொடங்கியது கச்சேரி. “ஈரச் சட்டையோடு வீட்டுக்குப் போகாதே” என்றான் ஒருவன். முதல் நாள் வாய்க்காலில் குதித்துவிட்டு அடி வாங்கியவன். “உதிர்ந்த பழத்தையும் விடாதே” என்றாள் ஒருத்தி. அவள் அம்மா செம்பனைக் காட்டில் பழம் பொறுக்குகிறவர். “ஐயா வரும்முன் சண்டையை முடி” என்ற வரிக்குக் கைதட்டல் அடங்கவே இல்லை. அதற்குப் பிறகு ஔவையின் வரிகளைப் படித்தோம். “ஔவையாரும் நம்மள மாதிரிதான் சார் எழுதியிருக்காங்க!” என்றது ஒரு குரல். இதைவிட நல்ல திறனாய்வு வேறென்ன வேண்டும்?

1968இல் நியூயார்க்கில் கென்னத் கோச் என்ற கவிஞரும் ஒரு தொடக்கப்பள்ளியில் இப்படித்தான் தொடங்கினார். ஒவ்வொரு பிள்ளையும் தன் ஆசையை ஒரே ஒரு வரியில் எழுத வேண்டும். எல்லா வரியும் சேர்ந்தால் வகுப்பின் கவிதை. அங்கே பெரிய வகுப்பு. நம் தோட்டப் பள்ளிகள் பலவற்றில் 150 பேர்கூட இல்லை. ‘குறைந்த மாணவர் பள்ளி’ என்று பட்டியலில் போட்டிருக்கிறார்கள். அதைச் சொல்லிச் சொல்லி வருந்துகிறோம். ஏழு பேர் இருக்கும் வகுப்பில் பாட்டு ஒரு சுற்று வரப் பத்து நிமிடம் போதும். ஒரு பிள்ளைகூட வாய் திறக்காமல் வீட்டுக்குப் போக முடியாது. கவிதைக்கு இதைவிட வாய்ப்பான வகுப்பு ஏது?

பதில் பாட்டு இந்த மண்ணுக்கும் புதிதில்லை. மலாய்க் கல்யாண வீட்டில் ஒரு தரப்பு பந்துன் சொல்லும், எதிர்த்தரப்பு பந்துனாலேயே பதில் சொல்லும். நான்கு அடி, முதல் இரண்டில் ஒரு காட்சி, அடுத்த இரண்டில் சொல்ல வந்த சேதி. 2020இல் மலேசியாவும் இந்தோனேசியாவும் சேர்ந்து முன்மொழிய, யுனெஸ்கோ அதை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபாக ஏற்றது. நம் பிள்ளைகள் மலாய் வகுப்பில் அதைப் படிக்கிறார்கள். அதே அமைப்பில் தமிழில் நான்கு அடி கட்டச் சொல்லுங்கள். முதல் இரண்டு அடிக்குக் காட்சி தேடிக் காஷ்மீருக்கா போக வேண்டும்? சிலாங்கூர் ஆறு இருக்கிறது. கம்போங் குவாந்தானில் பெரெம்பாங் மரத்து மின்மினிகள் இருக்கின்றன. உலகத்தின் பல மூலைகளிலிருந்து வந்து பார்க்கிறார்கள். நம் பிள்ளையின் கட்டுரையில் மட்டும் அவற்றுக்கு இடமில்லை.

இந்தக் கோலசிலாங்கூர் மாவட்டத்தில் ஒரு தோட்டத்துரை இருந்தார். பிரெஞ்சுக்காரர், ஹென்றி ஃபோகோனியே. இந்நாட்டில் செம்பனையை வாணிகப் பயிராக முதலில் நட்டவர் அவர்தான். இடம் நம் தென்னமரம் தோட்டம், ஆண்டு 1917. அவரே பிறகு ‘மலேசி’ என்று ஒரு நாவல் எழுதினார். 1930இல் அதற்குப் பிரான்சின் கோன்கூர் பரிசு கிடைத்தது. அந்த நாவலுக்குள் பந்துன்கள் இருக்கின்றன. கோலசிலாங்கூரில் துரை காது கொடுத்தார், இந்த மண்ணின் பாட்டு பாரிசுக்குப் போனது.

நம் லயத்துப் பாட்டுகளுக்கு யார் காது கொடுப்பது? ஆயாக்கொட்டகையில் தாலாட்டு இருந்தது. திருவிழாவில் ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடும் கும்மி இருந்தது. விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு ஓடி, வாளி தூக்கிப் பால்மரம் வெட்டிய கிழவிகளில் சிலர் இன்றும் நம் தாமான் வீடுகளில் தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். பிள்ளையிடம் கைப்பேசியைக் கொடுத்து, “பாட்டி பாடுவதைப் பதிந்து வா, பாட்டிக்குப் பதிலாக நாலு வரி எழுதி வா” என்று சொல்லுங்கள். இப்படிப் பாட்டுத் திரட்டுவதற்கு முன்னோடியும் உண்டு. மலேசியத் தமிழ்க் கவிதையைத் தேடித் திரட்டி 1997இல் பெரும் களஞ்சியமாக வெளியிட்ட முரசு நெடுமாறன் ஐயா ஒரு தமிழாசிரியர், குழந்தைகளுக்குப் பாட்டு எழுதியவர். கணினியிலும் கைப்பேசியிலும் தமிழ் எழுத வழி செய்த முத்து நெடுமாறன் அவருடைய மகன். கருவியும் கையில் இருக்கிறது, முன்னோடியும் வீட்டுக்குள்ளேயே இருக்கிறார்.

“கவிதை சோறு போடுமா?” என்று கேட்கும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பதில் வரி எழுதும் பிள்ளை கவனித்துக் கேட்கிறது, யோசிக்கிறது, பத்துச் சொல்லில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறது, நாலு பேர் முன்னால் நின்று சொல்கிறது. வேலைக்கு நேர்காணலில் கேட்பது வேறென்ன?

முடிவாக மூன்று வேண்டுகோள். ஆசிரியர்களே, வாரத்தில் ஒரு பாடவேளையைப் பதில் பாட்டுக்கு ஒதுக்குங்கள். பெற்றோரே, பிள்ளை வீட்டில் சொல்லும் வரியில் உங்கள் குறும்பும் கோபமும் வந்துவிட்டால் திட்டாதீர்கள், அது கவிதை. பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொறுப்பாளர்களே, அடுத்த ஆண்டு இதே மேடையில் மனனப் போட்டிக்குப் பக்கத்திலேயே ஒரு பதில் பாட்டுப் போட்டி வையுங்கள். இரண்டு பள்ளிகள் எதிரெதிரே நிற்கட்டும். தலைப்பைப் பிள்ளைகளே கொடுக்கட்டும். நடுவராக உட்கார நான் தயார். பரிசுப் பணத்துக்கு முன்வரிசைப் பெரியவர்கள் தயாரா என்பதை அவைத் தலைவர் அவர்கள் தேநீர் வருவதற்குள் கேட்டுச் சொல்லட்டும்.