மிதக்கும் கல்

(காட்டுமன்னார்கோயில் பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவின் சாரம்)



இந்த மேஜைமேல் ஒரு வாளித் தண்ணீர் இருக்கின்றது. இந்தக் கல்லை அதில் போடுகின்றேன். மிதக்கின்றதா, இல்லையா? யாரும் கன்னத்தில் போட்டுக்கொள்ள வேண்டாம். இது கடைத்தெருவில் குதிகால் தேய்ப்பதற்கென்று விற்கும் நுரைக்கல்.

நான் சிறுவனாயிருந்தபோது, இராமேசுவரத்திலிருந்து வருவதாகச் சொல்லிக்கொண்டு ஒருவன் எங்கள் தெருவுக்கு வந்தான். இதே மாதிரிக் கல்லைச் செம்புத் தண்ணீரில் மிதக்கவிட்டு, இராமர் அணை கட்டிய கல் என்றான். என் தாயார் ஒரு மூட்டை நெல் கொடுத்து வாங்கினார். வீராணத்துப் பாசன வயல்களில் நாற்று நட்டு நட்டு அவருக்குக் குதிகால் இரண்டும் பாளமாய் வெடித்திருக்கும். வெடிப்பு முற்றுமுன் தடித்த தோலைத் தேய்த்தெடுக்கக்கூடிய கல்லோ மாடத்தில் குங்குமம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது!

கல் ஏன் மிதக்கின்றது? எரிமலைக்குள் உருகிய பாறைக் குழம்பில் நீராவி முதலிய வாயுக்கள் கரைந்து அடைபட்டிருக்கின்றன. மலை வெடித்து அழுத்தம் நீங்கியதும், சோடாப் புட்டியைத் திறந்ததுபோல் குழம்பு நுரைத்துப் பொங்குகின்றது. அப்படியே சட்டென்று ஆறிக் கண்ணாடியாய் இறுகிவிடுகின்றது. கல்லில் பெரும்பாகம் காற்றறைகளே. நெடுநாள் ஊறினால் தண்ணீர் ஏறி மூழ்கியும் போகும். தெய்வ சக்தி ஊறினால் குறையுமா என்று கல்லைக் காட்டுகிறவர்களைத்தான் கேட்க வேண்டும்!

1883-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் சுந்தா ஜலசந்தியில் கிரகடோவா எரிமலை வெடித்தபோது, இந்தக் கல் திட்டுத் திட்டாக இந்துமகா சமுத்திரத்தில் மிதந்து ஆப்பிரிக்கக் கரை வரையில் போயிற்று. எந்த வானரமும் அதைத் தள்ளிக்கொண்டு போகவில்லை.

கடலூர்ப் பக்கத்தாருக்குக் கல் மிதப்பது புதுச் சங்கதியல்ல. அப்பரைக் கல்லோடு கட்டிக் கடலில் தள்ள, கல்லே தெப்பமாயிற்று என்று பெரியபுராணம் சொல்லுகின்றது. கரையேறவிட்டகுப்பம் என்று ஊரே இருக்கின்றது. அது நுரைக்கல்லாய் இருந்திருக்கும் என்று நம்மில் சிலரே சமாதானம் சொல்லுகின்றார்கள். அதுவும் தப்பு. நம் நாட்டுக் கருங்கல் தண்ணீரைவிட இரண்டரை மடங்குக்கு மேல் கனம். நுரைக்கல் கக்கும் எரிமலையோ தமிழ்நாட்டில் கிடையாது. புராணத்துக்கு நாம் எதற்காக விஞ்ஞான முட்டுக் கொடுக்க வேண்டும்?

ரோமாபுரியில் பாந்தியன் என்னும் கட்டிடத்தின் கும்மட்டம் 43 மீட்டர் அகலம். உச்சியில் கனம் குறைய வேண்டுமென்று நுரைக்கல் கலந்த காரையை வைத்துக் கட்டினார்கள். ஏறத்தாழ 1900 வருஷமாக நிற்கின்றது. பல் வைத்தியர் இதன் பொடியால் பல்லை மெருகிடுகின்றார். வாலிபர்கள் போடும் வெளுத்த ஜீன்ஸ்களில் பல, இந்தக் கல்லோடு இயந்திரத்தில் உருட்டி வெளுத்தவை.

தாய்மார்களே! காலை வெந்நீரில் ஊறவைத்து, கல்லையும் நனைத்து, மெதுவாகத் தேய்க்க வேண்டும். புண்ணின்மேல் தேய்க்கக்கூடாது. சர்க்கரை நோயால் பாதம் மரத்தவர்கள் இதைத் தொடவே வேண்டாம்.

பிற்காலத்தில் நான் மாடத்துக் கல்லை எடுத்துத் தாயார் காலைத் தேய்க்கப் போனேன். பாவம் வரும் என்று காலை இழுத்துக்கொண்டு என்னை ஏசினார். மூன்றாம் நாள் அவரே, “அந்தக் கல்லை எடுடா” என்றார்.