பிரேக் ஒயிலுக்கும் வயதுண்டு

(தோட்டக் கிளைக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



இரவில் லயத்தில் ஒருவருக்கு வலி எடுத்தால் நாம் முதலில் தேடுவது ஆட்டோவைத்தான். நம் பிள்ளைகள் பாடசாலை போவதும் அதில்தான். லீசிங் கட்டி ஓட்டும் நம் இளைஞர்கள் என்ஜின் ஒயிலைத் தவறாமல் மாற்றுகிறார்கள். பிரேக் ஒயிலையோ, குறைந்தால் மட்டும் ஊற்றுகிறார்கள். அது போதாது.

பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டொட் 3 ஒயில் புதிதாக இருக்கையில் 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறினால் 140 பாகையிலேயே கொதிக்கலாம். நீண்ட இறக்கத்தில் பிரேக்கை மிதித்தபடியே வந்தால் சூடேறி, ஒயில் கொதித்து, உள்ளே ஆவி சேரும். அப்போது பெடல் அடிவரை போகும், வண்டி நிற்காது. அதனால் 2 வருடத்துக்கு ஒருமுறை முழுவதையும் மாற்றுங்கள்.

வீட்டிலேயே செய்யலாம், இரண்டு பேர் வேண்டும். சமதரையில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கல் வையுங்கள். டேங்கி மூடியில் எழுதியுள்ள வகையை, சீல் உடைக்காத டின்னாக வாங்குங்கள். என்ஜின் ஒயிலை ஒருபோதும் ஊற்றக்கூடாது. பிரேக் ரப்பர்கள் ஊதிக் கெட்டுவிடும்.

டேங்கிக்குத் தூரமான சக்கரத்தில் தொடங்குங்கள். நிப்பிளில் டியூப் மாட்டி, அதன் மறுநுனியைப் போத்தலில் விடுங்கள். ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க, மற்றவர் நிப்பிளைத் திறக்க வேண்டும். ஒயில் வந்ததும் நிப்பிளை மூடுங்கள். அதன் பிறகே காலை எடுக்க வேண்டும். தெளிந்த ஒயில் குமிழியில்லாமல் வரும்வரை இப்படிச் செய்து, அடுத்த சக்கரத்துக்குப் போங்கள். இடையிடையே டேங்கியை நிரப்புங்கள். அது வற்றினால் காற்று புகுந்துவிடும்.

ஒயில் கண்ணில் படக்கூடாது. பெயின்டில் பட்டால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். பழைய ஒயிலைக் கானிலோ பீலிக்கரையிலோ ஊற்றாதீர்கள். போத்தலில் மூடி கராஜில் கொடுங்கள்.

முடிந்ததும் பெடல் இறுக்கமாக இருக்க வேண்டும். சமதரையில் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். பஞ்சுபோல் அமுங்கினால் ஆள் ஏற்றாதீர்கள், மெக்கானிக்கிடம் காட்டுங்கள். பெற்றோல் மிச்சம் பிடிக்க இறக்கத்தில் நியூட்ரலில் விடுவதையும் நிறுத்துங்கள். சிறிய கியரில் இறங்கினால் என்ஜினே வண்டியைப் பிடிக்கும்.

தோட்ட லொறியிலும் டிரக்டரிலும் பிரேக்கைச் சரியாக வைத்திருப்பது நிர்வாகத்தின் கடமை. சந்தேகம் இருந்தால் ஏறுமுன் தலைவரிடம் சொல்லுங்கள். வேலைக்குப் போனவர் வீடு திரும்ப வேண்டும். சம்பளத்தைப் போலவே அதுவும் நம் உரிமைதான்.