தரை டிக்கெட் எங்கே போச்சு?



"ஊர்ச் சினிமாக் கொட்டகை மறைந்து மல்டிபிளெக்ஸ் வந்தது மக்களுக்கு லாபமா, நஷ்டமா?" இதுதான் தலைப்பு. எதிரணிச் சகோதரி "லாபமே" என்று அருமையாகப் பேசினார்கள். பழைய தியேட்டரில் மூட்டைப்பூச்சி கடிக்கும் என்றார்கள். ஒத்துக்கறேன். பீடிப் புகை என்றார்கள். ஒத்துக்கறேன். கழிப்பறையைப் பத்திச் சொன்னார்கள். நடுவர் ஐயா, அதை நான் ரெண்டு தடவை ஒத்துக்கறேன். (சிரிப்பு)

மூட்டைப்பூச்சியை ஒழிக்க மருந்து அடிக்கலாம். தியேட்டரையே ஒழிக்கணுமா? எங்க அணியின் கேள்வி அதுதான்.

இந்த ஊர் ரயில் ஊர். ரயிலை எடுத்துட்டா தாம்பரம் இல்லை. நம்ம தென்னாட்டுச் சினிமாவும் ஒரு ரயில்வே ஊழியர் கையால்தான் ஊர் ஊராப் போச்சு. சாமிக்கண்ணு வின்சென்ட் என்று பேரு. திருச்சியிலே ரயில்வேயில் உத்தியோகம். 1905-ல் டூபாண்ட் என்கிற பிரெஞ்சுக்காரரிடமிருந்து புரொஜெக்டரையும் படச்சுருளையும் வாங்கினார். கைநிறையச் சம்பளம் வர்ற ரயில்வே வேலையை விட்டுட்டு, கூடாரத்தைத் தூக்கிட்டுக் கிளம்பிட்டார். வீட்டிலே என்ன திட்டு வாங்கியிருப்பார்னு நினைச்சுப் பாருங்க! (சிரிப்பு) அப்புறம் 1914-ல் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் கட்டினார். அந்தத் தெருவுக்கே வெரைட்டி ஹால் ரோடுன்னு பேரு நின்னு போச்சு.

இன்னொரு பொருத்தம் சொல்றேன், கேளுங்க. சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு எலக்ட்ரிக் ரயில் ஓட ஆரம்பிச்ச வருஷம் 1931. தமிழின் முதல் பேசும் படம் 'காளிதாஸ்', டி.பி. ராஜலட்சுமி நடிச்சது, சென்னை கினிமா சென்ட்ரலில் வெளியான வருஷமும் அதே 1931. ஒரே வருஷத்துல நமக்கு மின்சார ரயிலும் வந்தது, பேசுற படமும் வந்தது. இந்த ரெண்டும் சேர்ந்துதான் இந்தப் பக்கத்து ஊர்களை வளர்த்தது. குரோம் லெதர் கம்பெனி இருந்ததால் குரோம்பேட்டை என்று பேர் வந்தது. 1937-ல் கிறித்துவக் கல்லூரி தாம்பரத்துக்கு வந்தது. விமானப்படைத் தளம், சானடோரியம், ரயில்வே பணிமனை என்று வேலைக்கு வந்தவர்கள் குடும்பத்தோடு தங்கினார்கள். உழைச்சுட்டு வர்ற ஜனத்துக்கு சாயந்திரம் என்ன இருந்தது? கோயில் இருந்தது. கடைத்தெரு இருந்தது. அப்புறம், கொட்டகை.

எதிரணி நண்பர் கேட்டார்: "மவுண்ட் ரோட்டுல நல்ல தியேட்டர்கள் இருந்ததே, போய்ப் பார்த்திருக்கலாமே?" போகலாம் ஐயா. செகண்ட் ஷோ முடிஞ்சு வெளியே வந்து பார்த்தா, கடைசி எலக்ட்ரிக் ரயில் போயிருக்கும். பொண்டாட்டி பிள்ளையோட எழும்பூர் பிளாட்பாரத்துல விடிய விடியக் கொசுக்கடி. அதனாலதான் உள்ளூர்த் தியேட்டர். படம் சில வாரம் கழிச்சு வரும். பிரிண்ட்டுல கோடு கோடா மழை பெய்யும். கதாநாயகன் வெயில்ல நடந்தாலும் நனைஞ்ச மாதிரியே இருப்பார். (சிரிப்பு) ஆனா பார்த்துட்டு நடந்தே வீட்டுக்குப் போயிடலாம்.

தாம்பரத்தில் நேஷனல், வித்யா, எம்.ஆர். குரோம்பேட்டையில் வெற்றி. பல்லாவரத்தில் ஜனதா, லட்சுமி. நங்கநல்லூரில் வெற்றிவேல். மடிப்பாக்கத்தில் குமரன். திருவான்மியூரில் ஜெயந்தி, தியாகராஜா. பேரைச் சொல்லும்போதே இந்த அரங்கத்துல எத்தனை முகத்துல சிரிப்பு வருது பாருங்க! இன்னொரு தியேட்டர் பேரையும் சொல்லலாம். சொன்னா ஆண்கள் எல்லாம் தலையைக் குனிஞ்சு செருப்பைத் தேடுவாங்க. அதனால சொல்லலை. (பலத்த சிரிப்பு)

இந்தக் கட்டடங்களுக்கு முந்தியது டூரிங் டாக்கீஸ். கீத்துக் கொட்டகை. ஒரே புரொஜெக்டர். ரீல் மாத்தும்போதெல்லாம் விளக்கைப் போட்டாகணும். அதனால ஒரு படத்துக்கு மூணு இன்டர்வெல், நாலு இன்டர்வெல். முறுக்கு விக்கிறவருக்கு அது பொற்காலம். கூம்பு ஸ்பீக்கர்ல சீர்காழியார் குரலில் பிள்ளையார் பாட்டு கேட்டா டிக்கெட் கொடுக்கப் போறாங்கன்னு அர்த்தம். அடுப்பை அணைச்சிட்டு ஓடி வருவாங்க. தரை டிக்கெட் வாங்கினவன் மணலைக் குவிச்சு, அது மேல உட்கார்ந்துக்குவான். பின்னாடி இருக்கிறவன், "யோவ், சிம்மாசனத்தை இறக்குய்யா"ம்பான். சண்டை வரும். படம் ஆரம்பிச்சதும் சண்டை நின்னுடும். ஊர்ல பாதி வழக்கு அப்படித்தான் தீர்ந்தது.

நடுவர் ஐயா, இப்ப நான் வேடிக்கையை விட்டுட்டு என் வாதத்துக்கு வர்றேன். தரை, பெஞ்சு, சேர், பால்கனி என்று நாலு வகுப்பு இருந்ததே, அது ஏற்றத்தாழ்வு இல்லையான்னு எதிரணி கேட்கும். ஏற்றத்தாழ்வுதான். ஆனா எதை வெச்சு? காசை வெச்சு. அந்தக் கவுண்டர் ஓட்டைக்குள்ள கையை விட்டவனை "நீ என்ன ஜாதி? எந்தத் தெரு?"ன்னு உள்ளே இருக்கிறவர் கேக்கலை. "எத்தனை டிக்கெட்?"னுதான் கேட்டார். இலங்கைத் தமிழறிஞர் கா. சிவத்தம்பி அவர்கள் 1981-ல் வந்த தன் ஆய்வு நூலில் இதை எடுத்துச் சொன்னார். எல்லாத் தமிழரும் ஒரே கூரைக்கடியில் கூடிய முதல் கலைக்கூடம் சினிமாக் கொட்டகைதான் என்பது அவர் கருத்து. யோசிச்சுப் பாருங்க. கச்சேரி நடந்த சபாவுக்குள்ளே யார் போக முடிந்தது? எத்தனை கோயிலுக்குள்ளே எத்தனை பேர் 1930-களில் நுழைய முடிந்தது? கொட்டகைக்குள்ளே போக முடிந்தது. மனசுக்குள்ள ஜாதி இருந்திருக்கும். டிக்கெட்ல இல்லை. (கைதட்டல்)

அடுத்தது பெண்கள். வீட்டிலே ஒரு அம்மா அழுதா, "என்ன ஆச்சு, யார் என்ன சொன்னா?"ன்னு மாமியார் கேப்பாங்க, நாத்தனார் கேப்பாங்க. பதில் சொல்லி மாளாது. மேட்னி ஷோவுல அழுதா யாரும் கேக்க மாட்டாங்க. காரணம்தான் திரையிலே ஓடிட்டிருக்கே! சிவாஜி சாகிறாருன்னு அழுதாங்களா, சொந்தக் கஷ்டத்துக்கு அழுதாங்களா, யாருக்குத் தெரியும்? முந்தானையால முகத்தைத் துடைச்சுட்டு வந்து, ராத்திரிக்குச் சாம்பார் வெச்சாங்க. மூணு மணி நேரம் புருஷன் இல்லாம, அக்கம்பக்கத்துப் பெண்களோட தெருவைத் தாண்டிப் போக ஒரு இடம் இருந்தது. "இப்ப பெண்கள் வேலைக்கே போறாங்க, சம்பாதிக்கிறாங்க"ன்னு எதிரணி சொல்லும். சந்தோஷம். அந்த ஆபீஸ்ல போய் நிம்மதியா அழ முடியுமான்னு கேட்டுச் சொல்லுங்க. (கைதட்டல்)

படத்துக்கு முன்னாடி நியூஸ் ரீல் போடுவாங்க. 1948-ல் தொடங்கின ஃபிலிம்ஸ் டிவிஷன் எடுத்தது. லைசென்ஸ் நிபந்தனைப்படி ஒவ்வொரு தியேட்டரும் காட்டியே ஆகணும். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு மனுஷன் பக்ரா நங்கல் அணையைப் பார்த்தது அங்கேதான். சீனச் சண்டையைப் பார்த்தது அங்கேதான். நாம அப்போ முறுக்கு வாங்கத்தான் போனோம், அது வேற விஷயம்.

இந்தப் பக்கத்துக் கொட்டகைகள் சரித்திரத்தையே மாத்தியிருக்கு. 1967 ஜனவரி 12. ராமாவரம் தோட்டத்துல எம்.ஜி.ஆர். சுடப்பட்டார். மறுநாள் அவர் நடிச்ச 'தாய்க்குத் தலைமகன்' வெளியானது. மனுஷன் ஆஸ்பத்திரியிலே, படம் தியேட்டரிலே! அந்தத் தேர்தல்ல அவர் நின்ன தொகுதி எது? நம்ம பரங்கிமலை. தொகுதிக்குள்ள வந்து ஓட்டுக் கேக்க அவரால முடியலை. கழுத்துக் கட்டோட இருக்கிற படம் போஸ்டராச்சு. ஜெயிச்சார். அவர் குரலும் முகமும் அந்த ஜனத்துக்கு எங்கே பழக்கமாச்சு? மேடையிலே பாதி, இந்தக் கொட்டகைகளிலே பாதி. அது நல்லதா கெட்டதா என்று இன்னொரு பட்டிமன்றம் வெச்சுக்கலாம், நடுவர் ஐயா கூப்பிட்டா நான் வர்றேன்.

எதிரணித் தலைவர் ஒரு பலமான அடி அடிச்சார். 1979-ல் தூத்துக்குடி லட்சுமி டாக்கீஸ் தீவிபத்து. எழுபதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போச்சு. அதைக் கேட்டதும் இந்த அரங்கமே அமைதியாச்சு. நானும் அமைதியானேன். அதை மறுத்துப் பேச எனக்கு வாய் வராது. ஆனா ஒண்ணு கேக்கறேன். 1997-ல் டெல்லியில் உப்கார் தியேட்டர் எரிஞ்சதே, அது கீத்துக் கொட்டகையா? பணக்காரங்க வாழுற தெற்கு டெல்லியில், சிமெண்ட் கட்டடம். 59 பேர் செத்தாங்க. வெளியே போற வழி அடைபட்டுக் கிடந்தது. ஆக, கொன்னது கீத்தும் இல்லை, சிமெண்டும் இல்லை. வழியை அடைச்சவனும், அதைப் பார்க்காம விட்ட அதிகாரியும். பாதுகாப்பு வேணும், கட்டாயம் வேணும். பாதுகாப்பாக் கட்டினா தரை டிக்கெட் இருக்கக் கூடாதுன்னு எந்தச் சட்டத்துல இருக்கு? (கைதட்டல்)

சரி, இதெல்லாம் எப்படிப் போச்சு? 1975 ஆகஸ்ட் 15-ல் சென்னையில் தூர்தர்ஷன் வந்தது. வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும், ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் படம். ஞாயிற்றுக்கிழமை ஃபர்ஸ்ட் ஷோ காத்து வாங்கிச்சு. அப்புறம் வீடியோ டெக். 1993-ல் தனியார் தொலைக்காட்சி. இதையெல்லாம் கூடத் தாங்கிக்கிட்டாங்க. தாங்க முடியாதது நிலத்தின் விலை. ஜி.எஸ்.டி. ரோட்டு ஓரத்துல ஒரு ஏக்கர் இடத்தை வெச்சுக்கிட்டு, தினம் நாப்பது பேருக்குப் படம் காட்டுன்னு சொன்னா ஓனர் என்ன செய்வார்? கல்யாண மண்டபம் கட்டுவார், இல்லே அடுக்குமாடி கட்டுவார். நான் ஓனரைத் திட்டலை. கரண்ட் பில் அவர்தானே கட்டணும்!

தொழில்நுட்பமும் மாறிச்சு. ஆயிரம் அடி ஃபிலிம் பதினோரு நிமிஷம் ஓடும். பதினாறாயிரம் அடி படம் ஏறக்குறைய மூணு மணி நேரம். ரெண்டு கார்பன் குச்சி எரிய எரிய இடைவெளி கூடும். ஆபரேட்டர் பக்கத்துலேயே நின்னு திருகித் திருகிச் சரி பண்ணணும். கவனிக்காம விட்டா திரை மங்கும், கீழே விசில் பறக்கும். அரசாங்கத்துக்கிட்ட லைசென்ஸ் வாங்கின தொழிலாளி அவர். சென்னைக் கம்பெனியோட க்யூப் 2005 வாக்கில் வந்தது. பத்து வருஷத்துக்குள்ள ஃபிலிம் பெட்டியும் இல்லை, கார்பனும் இல்லை. தட்டி கட்டினவர், நோட்டீஸ் போட்டவர், சைக்கிள் ஸ்டாண்டுக்காரர், வாசல்ல பூ வித்த அம்மா எல்லாரும் அந்த வரிசையிலே போனாங்க. 2020 மார்ச்சில் கொரோனாவுக்கு மூடினதை நவம்பர் 10-ல் திறக்கலாம்னு அரசு சொன்னபோது, சில கொட்டகைகள் திறக்கவே இல்லை.

எதிரணிச் சகோதரி, "மல்டிபிளெக்ஸிலும் பத்து ரூபாய் டிக்கெட் இருந்ததே"ன்னாங்க. இருந்தது அம்மா. பல வருஷம் சென்னையிலே முன்வரிசையில் இருந்தது. முதலாளி இரக்கப்பட்டுக் கொடுத்தாரா? அரசாங்க விதி இருந்தது, கொடுத்தார். விதி போட்டா கொடுக்க முடியும்னு நீங்களே நிரூபிச்சிட்டீங்க. அது எங்க கட்சி! (சிரிப்பு, கைதட்டல்) 2017-ல் மல்டிபிளெக்ஸ் டிக்கெட்டுக்கு உச்சவரம்பு 150 ரூபாய், வரி தனி என்று வெச்சாங்க. நாலு பேர் குடும்பத்துக்கு வரி இல்லாமலே 600. ஃபோன்ல புக் பண்ணினா அதுக்கு ஒரு கட்டணம். பொரி கொறிக்க ஆசைப்பட்டா அதுக்குக் கடன் வாங்கணும். சித்தாள் வேலைக்குப் போற ஒரு அம்மாவோட ஒருநாள் கூலி முழுசா அங்கேயே போயிடும்.

பழசு எல்லாம் செத்துப் போச்சுன்னும் நான் சொல்ல வரலை. குரோம்பேட்டை வெற்றி புதுப்பிச்சு, நல்ல ஒலி ஒளி போட்டு, 2010-களில் ரசிகர் கூட்டத்தைத் திருப்பிக் கூட்டிட்டு வந்தது. திருவான்மியூர் தியாகராஜா பளபளன்னு மாறி எஸ்2 ஆச்சு. ஆக, உள்ளூர்ல நல்ல தியேட்டர் நடத்த முடியும். முடியாதுன்னு சொன்ன எதிரணி நண்பருக்கு இந்த ரெண்டு உதாரணமும் போதும். அங்கேயும் நான் தேடினது தரை டிக்கெட்டைத்தான்.

2021-ல் தாம்பரம் மாநகராட்சி ஆச்சு. பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் எல்லாம் உள்ளே வந்தாச்சு. மாநகராட்சி பூங்கா கட்டுது, சமுதாயக் கூடம் கட்டுது. கிழமைக்கு ரெண்டு நாள் அந்தக் கூடத்துல திரை கட்டி, பாதுகாப்பா, ஏழை எளியவங்க கொடுக்கிற காசுக்கு ஒரு படம் போடட்டுமே? வாசல்ல அந்தப் பூக்கார அம்மாவுக்கும் ஒரு இடம் கொடுக்கட்டுமே? செலவாகும்னு எதிரணி எழுந்திரிக்கிறது எனக்குத் தெரியுது. எவ்வளவு ஆகும்னு கணக்குப் போட்டு, அடுத்துப் பேச வர்ற நண்பர் சொல்லட்டும்.

நடுவர் ஐயா மணி அடிச்சிட்டார். இன்டர்வெல்னு நினைச்சு உட்கார்றேன். (சிரிப்பு, நீண்ட கைதட்டல்)