பழைய விளையாட்டுப் பெட்டியும் புதிய திரையும்



கண்ணால் கண்டு அறிய வேண்டிய ஒன்றைப் பற்றிக் காதுக்கு மட்டுமே எட்டும் வானொலியில் பேசுவது எளிதன்று. கரும்பலகையும் சுண்ணக்கட்டியும் இன்றி நான் பாடம் நடத்திப் பழகியவனும் அல்லேன். ஆதலால் இடையிடையே உங்களைச் சற்றுக் கற்பனை செய்துகொள்ளுமாறு கேட்பேன், பொறுத்தருள்க.

பழைய வீடியோ விளையாட்டுப் பெட்டியை இன்றைய தொலைக்காட்சியில் இணைத்தால் படம் ஏன் கெடுகிறது, அதனைத் திருத்துவது எங்ஙனம் என்பதே இன்றைய பேச்சு. தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவனுக்கு இந்தப் பொருளில் என்ன அக்கறை என்று நீங்கள் கேட்கலாம். அக்கறை ஒரு குற்றத்தில் தொடங்கியது. அது நான் செய்த குற்றம்.

2008ஆம் ஆண்டு, எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவனின் புத்தகப் பையிலிருந்து மஞ்சள் நிறக் கேசட் ஒன்றை எடுத்துக்கொண்டேன். 'ஆண்டிறுதியில் தருகிறேன்' என்று சொன்னேன். மறந்துவிட்டேன். சென்ற ஆண்டு, ஆமத்தூரில் என் வீட்டுப் பரணைத் துப்புரவு செய்தபோது பழைய வினாத்தாள்களுக்கு அடியில் அது கிடைத்தது. அந்த மாணவன் இப்போது சிவகாசியில் ஆப்செட் அச்சகம் ஒன்றில் இயந்திரம் ஓட்டுகிறான். சொல்லியனுப்பினேன், ஞாயிறன்று வந்தான். கேசட்டைக் கையில் வாங்கியவன் நெடுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னான்: "ஐயா, இதை எங்கள் அப்பா விருதுநகர்ப் பங்குனிப் பொங்கல் பொருட்காட்சியில் வாங்கிக் கொடுத்தார். நீங்கள் எடுத்துக்கொண்டதைச் சொல்ல அஞ்சி, தொலைந்துவிட்டது என்று சொன்னேன். அன்று நல்ல அடி."

நான் என்ன மறுமொழி சொல்ல இயலும்? "அந்தப் பெட்டி இருக்கிறதா, தம்பி?" என்று மட்டும் கேட்டேன். இருந்தது. பட்டாசுத் தொழிற்சாலையில் முப்பதாண்டுகள் உழைத்த அவன் தந்தை இப்போது நோயுற்று வீட்டோடு இருக்கிறார் என்றும், அந்நாளில் ஞாயிறுதோறும் மகனோடு அமர்ந்து அவரும் ஆடுவார் என்றும் சொன்னான். அவர் மீண்டும் ஒருமுறை ஆட வேண்டும் என்று நாங்கள் இருவரும் அன்றே முடிவு செய்தோம்.

இப்பெட்டிகளின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1983இல் ஜப்பானில் நின்டெண்டோ நிறுவனம் 'ஃபேமிகாம்' என்னும் பெட்டியை வெளியிட்டது. நம் நாட்டில் தொண்ணூறுகளில் சாமுராய், மீடியா முதலிய பெயர்களில் அவ்வகைப் பெட்டிகள் விற்றன. பின்னர் மலிவான போலிகள் திருவிழாக் கடைகள் வரை வந்தன. கேசட்டின் மேல் 'இலட்சம் விளையாட்டுகள்' என்று அச்சிட்டிருக்கும். உள்ளே பத்தோ இருபதோதான் திரும்பத் திரும்ப வரும். (அச்சுத் தொழிலின் தலைநகருக்கு அருகில் வாழ்பவன் அட்டையை நம்பக் கூடாது.) 2006 முதல் தமிழ்நாடு அரசு வழங்கிய 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சிகள் நம் ஊர்களில் இப்பெட்டிகளுக்கு வீடளித்தன. இவனுடைய கேசட்டும் அப்படி ஒரு தொலைக்காட்சியில்தான் ஓடியது. அது பழுதாகி எடைக்குப் போய்விட்டது.

முதலில் கேசட்டைத் துடைத்தோம். பிள்ளைகள் வாயால் ஊதுவது வழக்கம். எச்சில் ஈரம் செப்புப் பற்களை அரிக்கும் என்பதால் அது கூடாது. ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைத்து உலரவிட்டோம். பிறகு என் வீட்டு 43 அங்குல எல்.இ.டி. தொலைக்காட்சியில் மஞ்சள், வெள்ளைக் கம்பிகளைச் செருகினோம். 'மாரியோ' வந்தான். ஆனால் அகலத்தில் வீங்கி, உடையின் சிவப்பு உடம்புக்கு வெளியே வழிந்து, மங்கலாக வந்தான். பொத்தானை அழுத்தினால் சற்றுக் கழித்தே குதித்தான். முதற் பள்ளத்திலேயே விழுந்தான். என் முன்னாள் மாணவன் அச்சுக்காரன் அல்லவா? "ரெஜிஸ்டர் விலகியிருக்கிறது, ஐயா" என்றான்.

காரணத்தை அறியப் பழைய படக்குழலைப் புரிந்துகொள்ள வேண்டும். தீபாவளி இரவில் கம்பி மத்தாப்பை வேகமாகச் சுழற்றினால் ஒரு முழு வட்டம் தெரிகிறதன்றோ? அங்கே வட்டம் இல்லை. ஓடும் ஒரு புள்ளியே உண்டு. படக்குழலிலும் அவ்வாறே. எலக்ட்ரான் கற்றை கண்ணாடியின் உட்புறமுள்ள ஒளிரும் பூச்சின் மேல் வரிவரியாக ஓடுகிறது. 1982இல் தூர்தர்ஷன் வண்ணத்துக்கு மாறியபோது ஏற்றுக்கொண்ட 'பால்' முறையில் ஒரு படத்துக்கு 625 வரிகள். ஒற்றை வரிகள் நொடியில் 50இல் ஒரு பங்கு நேரத்திலும், இரட்டை வரிகள் அடுத்த அத்தனை நேரத்திலும் வரையப்படும். இரண்டு அரைப்படங்கள் சேர்ந்து ஒரு முழுப்படம்.

விளையாட்டுப் பெட்டி இங்கே ஒரு தந்திரம் செய்தது. அது ஒற்றை, இரட்டை என்று மாற்றுவதில்லை. எல்லா அரைப்படங்களையும் ஒரே வரிகளின் மேலேயே வரையச் செய்கிறது. படத்துக்கு உரியவை ஏறத்தாழ 240 வரிகள். வரிக்கும் வரிக்கும் இடையே மெல்லிய இருள். அந்த இருளே அன்றைய படத்துக்கு ஒரு கூர்மையைத் தந்தது.

புதிய தொலைக்காட்சிக்குக் கற்றை இல்லை. அசையாத புள்ளிக் கட்டங்களே உண்டு. மஞ்சள் கம்பியில் வருவனவெல்லாம் ஒற்றை, இரட்டை அரைப்படங்களே என்று பல தொலைக்காட்சிகள் கொள்கின்றன. ஆதலால் அடுத்தடுத்து வரும் இரண்டை ஒன்றாகப் பின்ன முயல்கின்றன. பின்னக் கூடாததைப் பின்னுவதால் ஓரங்கள் சீப்புப் பற்கள் போலாகின்றன. இப்பெட்டியால் ஒரே வரியில் எட்டுச் சிறு உருவங்களுக்கு மேல் காட்ட இயலாது. எனவே சிலவற்றை ஓர் அரைப்படத்திலும் சிலவற்றை அடுத்ததிலும் மாற்றி மாற்றிக் காட்டும். பின்னுகிற தொலைக்காட்சியில் அவை சிதைந்தோ, முற்றும் மறைந்தோ போகும். பின்னுவதற்குக் காலமும் வேண்டும். பத்தில் ஒரு பங்கு நொடி தாமதித்தாலும் மாரியோவுக்குப் பள்ளம்தான்.

இனிப் பெருக்கல். 240 வரிகளை 1080 வரிகளில் நிரப்ப ஒவ்வொன்றையும் நாலரை மடங்காக்க வேண்டும். அரை வரி என்பது இல்லை; ஆகவே சில வரி தடிக்கும், சில மெலியும், அல்லது எல்லாம் மங்கும். 2160 வரித் திரையில் சரியாக ஒன்பது மடங்கு. அங்கே கணக்கு இனிமையாக முடிகிறது. கணக்குப் பாடம் எதற்கு என்று கேட்கும் பிள்ளைகள் இதனைக் குறித்துக்கொள்ளலாம்.

நிறம் வழிந்ததற்குக் காரணம் கம்பி. மஞ்சள் கம்பி ஒன்றிலேயே ஒளியும் நிறமும் கலந்து செல்கின்றன. நிறத்துக்குக் கிடைக்கும் நுட்பம் ஒளிக்குக் கிடைப்பதைவிடக் குறைவு. நாலு தட்டில் சிவப்புத் தட்டு மட்டும் விலகியது போல் அது தோன்றுவது இதனால்தான். அச்சுக்காரன் கண் பொய்யாகவில்லை. பிளேஸ்டேஷன் 2 போன்ற பிற்காலப் பெட்டி உங்களிடம் இருந்தால் பச்சை, நீலம், சிவப்பு என்னும் மூன்று முனைகள் கொண்ட காம்பொனென்ட் கம்பியை வாங்குங்கள். படத்தின் வேறுபாடு முதற் பார்வையிலேயே தெரியும். எங்கள் பெட்டிக்கோ மஞ்சளை விட்டால் ஆன்டெனாக் கம்பிதான்; அது இன்னும் மோசம்.

ஆகவே தொலைக்காட்சியின் அமைப்புகளைத் திருத்தினோம். படத்தின் வடிவத்தை 16:9இலிருந்து 4:3க்கு மாற்றினோம். அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு மிகையாக இருந்த வீக்கம் மறைந்து, முட்டை வட்டமாயிற்று. 'கேம் மோடு' என்பதை இயக்கினோம், தாமதம் குறைந்தது. கூர்மை என்பதை நான் ஆவலோடு ஏற்றினேன், படம் கரடுமுரடாயிற்று. கூர்மை அமைப்பு புதிய விவரம் எதையும் தருவதில்லை, ஓரங்களுக்குக் கோடு போடுகிறது, அவ்வளவே. இறக்கியபின் கண்ணுக்கு இதமாயிற்று.

உருவம் மறையும் குறை மட்டும் நீங்கவில்லை. கடைகளில் சில நூறு ரூபாய்க்கு விற்கும் எச்.டி.எம்.ஐ. மாற்றிப் பெட்டி ஒன்றை வாங்கிப் பார்த்தேன்; பணம் வீண். அதுவும் அதே தவறான பின்னலையே செய்தது. வரிகளை உள்ளபடியே பெருக்கித் தரும் 'ரெட்ரோடிங்க்' போன்ற கருவிகள் இதற்கென்றே உள்ளன. ஆனால் அவற்றின் விலை விளையாட்டுப் பெட்டியின் விலையைப் போலப் பன்மடங்கு. மாணவர்களிடம் அதனை வாங்குங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வாத்துச் சுடும் துப்பாக்கியையும் அவன் கொண்டுவந்திருந்தான். அது எல்.இ.டி. திரையில் இயங்கவே இயங்காது. விசையை இழுத்ததும் திரை ஒரு கணம் கறுத்து, வாத்து இருந்த இடம் மட்டும் வெள்ளையாக மின்னும். துப்பாக்கி அந்த மின்னலைப் படக்குழலின் காலக் கணக்கில் எதிர்பார்க்கிறது. தாமதிக்கும் திரையில் அதற்கு எதுவும் தெரியாது. துப்பாக்கி கெட்டுவிட்டது என்று யாரேனும் எறிந்திருந்தால், வீணாக எறிந்தார்கள்.

முடிவில் பழுது பார்ப்பவர் ஒருவரிடம் ஒதுங்கிக் கிடந்த 14 அங்குலப் படக்குழல் தொலைக்காட்சி ஒன்று கிடைத்தது. இங்கே ஓர் எச்சரிக்கை: வண்ணப் படக்குழலுக்குள் 20,000 வோல்ட்டுக்கும் மேற்பட்ட மின்னழுத்தம் உண்டு; மின்சாரத்தை நிறுத்திய பின்னும் அது தங்கியிருக்கக்கூடும். பின்மூடியைத் திருகாணியால் திறக்கும் வேலையை ஒருபோதும் செய்யாதீர்கள். கண்ணாடியில் ஈயமும் உண்டு. உடைத்துக் குப்பையில் போடுவதும் தவறு.

அந்தப் பெட்டியை அவன் வீட்டுத் திண்ணையை ஒட்டிய அறையில் வைத்தோம். தந்தை கட்டிலில் சாய்ந்திருந்தார். கேசட்டைக் கண்டதும் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தொலைந்தது என்றாயே, எங்கே கிடைத்தது?" என்றார். மகன் என் முகத்தைப் பார்த்தான். நானே சொன்னேன். அவர் சிறிது நேரம் மகனையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு இரண்டு கைப்பிடிகளில் ஒன்றை அவனிடம் நீட்டி, "நீ முதலில் ஆடு" என்றார்.