கூலியாய் இருந்தவன் கோலோச்சும் கதை

(பண்டாரவளையில் கூடிய வாசகர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



கடத்தல்காரனையும் கொலைகாரனையும் கதாநாயகனாக்கிப் படமெடுக்கிறார்கள், நம் பிள்ளைகள் கெடுகிறார்கள் என்று ஆசிரியர் சிலர் வருந்தக் கேட்கிறோம். இது நேற்று வந்த நோயா? நம் தோட்டத்துக் கோயில்களில் அரிவாளோங்கி நிற்கிறானே மதுரை வீரன், அவன் யார்? செருப்புத் தைக்கும் குடியிலே வளர்ந்து, பாளையக்காரர் மகள் பொம்மியைக் கவர்ந்து சென்று, முடிவில் மன்னன் ஆணையால் மாறுகால் மாறுகை வாங்கப்பட்டவன் அல்லவா? அரசின் ஏட்டிலே அவன் குற்றவாளி. மக்கள் நெஞ்சிலே தெய்வம். சிங்கள மக்களும் இதற்கு விலக்கல்லர். 1864இல் கண்டியில் தூக்கிலிடப்பட்ட வழிப்பறிக்காரன் சரதியலை, உடன் தூக்கிலேறிய மம்மாலி மரைக்காரோடு சேர்த்து இன்றும் கதையாய்ச் சொல்கிறார்கள்.

காரணம் தேடி நெடுந்தொலைவு போகவேண்டியதில்லை. பட்ட கடனைத் 'துண்டு' எனும் சீட்டிலே எழுதி, அதனைத் தீர்க்காமல் வேறு தோட்டம் செல்லவொட்டாது ஆளைக் கட்டிவைத்த முறை 1921 வரை இங்கே இருந்தது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டமோ நம் மக்களை நாடற்றவராக்கிற்று. சட்டத்தின் கையால் அடிபட்டவன், சட்டத்தை மீறுபவனைக் கண்டு கைதட்டுவதில் வியப்பென்ன? அந்தக் கைதட்டலை நாம் பழிக்கமாட்டோம்.

ஆயினும் ஒன்று கேட்போம். 2021இல் 'புஷ்பா' எனும் தெலுங்குப் படம் தமிழிலும் வந்தது. சேஷாசலக் காட்டில் செம்மரம் வெட்டும் கூலியொருவன், எவருக்கும் தலைவணங்காமல், கடத்தல் கூட்டத்துக்கே தலைவனாகிறான். லயத்து இளைஞர் அவன் தோள் சாய்த்து நடப்பதைப் போலவே நடந்து காட்டினார்கள். கூலி எனும் சொல்லை வசையாகக் கேட்டு வளர்ந்தவர்க்கு அந்த நடை இனிக்கத்தான் செய்யும். நமக்கும் இனித்தது, மறைப்பானேன்?

அதே சேஷாசலக் காட்டில், 2015 ஏப்ரல் 7ஆம் நாள், இருபது மரம்வெட்டிகளை ஆந்திரக் காவல்துறை சுட்டுக் கொன்றது. பெரும்பாலோர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டத்துத் தமிழர், நாட்கூலிக்காகக் காடேறியவர்கள். தற்காப்புக்காகச் சுட்டோம் என்றது காவல்துறை. மனித உரிமை அமைப்புகள் அதனை ஏற்கவில்லை. மரத்தை விற்றுப் பொருள் குவித்தவர் எவரும் அன்று அங்கே வீழ்ந்து கிடக்கவில்லை.

கூலியாய் இருந்தவன் தலைவனாவதை நம் மலைகள் கண்டதில்லையா? பெரிய கங்காணியும் நம் ஊரான்தான், பல வேளைகளில் நம் உறவினன்தான். துரையின் முன்னே அவனும் நிமிர்ந்து நின்றிருக்கலாம். ஆனால் தன் கீழுள்ள ஆள் ஒவ்வொருவரும் வேலைக்கு வந்த நாளுக்கெல்லாம் அவன் தலைக்காசு பெற்றான். அவன் எழுச்சியை வீரகாவியமாய்ப் பாடினால், கடனிலே மூழ்கியவர் கதையை எவர் பாடுவது?

பழைய கதைக்கும் புதிய கதைக்கும் உள்ள வேறுபாட்டை நாம் இங்கேதான் காண்கிறோம். மதுரை வீரன் கதை வெட்டுண்ட கையை மறைப்பதில்லை. 1956இல் எம்.ஜி.ஆர். நடித்து வந்த படத்திலும் வீரன் மாளவே செய்தான். அழுதுகொண்டே கொட்டகையை விட்டு வந்தவர்களைப் பெரியோர் சிலர் அறிவீர்கள். இன்றைய கதையில் குண்டு பிறர் மேல் பாய்கிறது. நாயகன் தூசியைத் தட்டிவிட்டு எழுகிறான். பக்கத்தில் வீழ்ந்தவனுக்குப் பெயரும் இல்லை, தாயும் இல்லை.

அந்த இருபது பேரில் ஒருவர் பெயரையேனும் சொல்லக்கூடியவர் இம்மன்றத்தில் உண்டா? நம்மாலும் இயலாது. ஹப்புத்தளையிலிருந்து வரும் வழியில் பஸ்ஸிலே புஷ்பா பாட்டுத்தான் ஒலித்தது. முழுவதும் நமக்கு மனப்பாடம்.